நாலாவது பேர்

அப்பாவைக் குளிப்பாட்டப் பெஞ்சை வாசலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது, செல்லியம்மாள் கட்டிலுக்கடியில் தலையை விட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். இழவு வீட்டில் அழாமல் கட்டிலுக்கடியில் துழாவுகிற மகளை நாலு பேர் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அவள் புருஷன் கொளஞ்சியப்பன் வேப்பமரத்தடியில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான். கள்ளக்குறிச்சி ப்ளெக்ஸ் கடைக்காரன் பேர் கேட்கிறான்.

"ராசுன்னு போடு. ஆமாம்பா, ராசு தான்."

செல்லியம்மாள் அவனை முறைத்தாள்.

"இன்னா மொறைக்கிற? ஆதார்ல இன்னா கீதோ அதத்தான் போட முடியும். பச்சமுத்துன்னு போட்டா, அந்த ஆளு அம்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடியே செத்துட்டானேன்னு தாலுக்கா ஆபீஸ்ல சிரிப்பாங்க."

அதுவும் பொய்யில்லை. மலைக்கு ரோடு போட்ட காலத்தில், வெடி வைத்தபோது பாறை சரிந்து மூன்று பேர் செத்தார்கள். அவர்களுக்காக முதல் வளைவில் நட்ட கல் இன்றைக்கும் நிற்கிறது. அதில் மூன்றாவது பேர் பச்சமுத்து. அந்தப் பச்சமுத்துதான் இதோ, தலையில் எண்ணெய் வைத்துப் பெஞ்சில் படுத்திருக்கிறார்.

செத்தது அவர் தம்பி ராசு. பத்தொன்பது வயசு. அண்ணன் அன்றைக்கு நைனார்பாளையத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி மறுநாள் சேர்க்க மாட்டான் என்று, அண்ணன் பேருக்குத் தம்பி ஆஜர் கொடுத்தான். ஒருத்தர் பேரில் ஒருத்தர் வேலைக்குப் போவது அப்போது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மத்தியானம் பாறை சரிந்தது. ஆஜர் புத்தகத்தில் எந்தப் பேர் இருந்ததோ அந்தப் பேர்தான் செத்தது. வெளியே சொன்னால் பொய் ஆஜருக்கு ஜெயில் என்று மேஸ்திரி மிரட்டினான். பத்து நாள் கழித்துப் பச்சமுத்து, ராசு என்று பேர் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் ஆயுசு முழுக்க ராசுதான். ஊருக்குத் தெரியும். ஆனால் ஊர் வாயைத் திறக்கவில்லை.

கடைசி வரைக்கும் ரோட்டு வேலைதான் பார்த்தார். வருசத்துக்கு ஒருதரம் அந்தக் கல்லுக்கு வெள்ளையடித்து, எழுத்துப் பள்ளத்தில் கறுப்பு பெயிண்ட் தடவுவதும் அவர் வேலை. பாவம், எழுத்துத் தெரியாத மனுசன். தன் பேருக்குத் தானே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். தம்பி பேரையும் அதில் பொறித்துவிடலாம் என்று உளியோடு எத்தனையோ தரம் போய், வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். யாரையாவது எழுதித் தரச் சொல்லலாமென்றால் பயம்.

மூன்று நாளைக்கு முன்னால், கஞ்சி இறங்காமல் கிடந்தபோதுதான் மகளிடம் சொன்னார்.

"நீ அஞ்சாவது படிச்சவ. ஜல்லி ஒடைச்ச கை வேற. என் தம்பி பேரயும் அந்தக் கல்லுல வெட்டி வெச்சிடு செல்லி. அப்பறமா என்னிய அந்தாண்ட தூக்கிக்கினு போவட்டும்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டாள். சொன்னபின் செய்யாமல் இருக்க முடியுமா?

தலைமாட்டில் அம்மா பெரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பார்க்கப் போன நைனார்பாளையத்துப் பெண் அவள்தான். புருஷன் பேரை வாயால் சொன்னவளில்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் கேட்டால் மகளைக் கைகாட்டிவிடுவாள். அந்தக் கால வழக்கம் அவளுக்கு ஒருவகையில் சௌகரியமாகவே இருந்தது. எந்தப் பேரைச் சொல்வது என்கிற தொல்லை இல்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். முதல் வளைவில் பாடையை ஒருதரம் இறக்கி, திசை மாற்றித் தூக்குவார்கள். பெண்கள் அதோடு திரும்பிவிட வேண்டும். அங்கே புளியமரத்தில் ப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி, ராசு. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு நேர் கீழே கல்லில் பச்சமுத்து.

பாடையை இறக்கியதும் செல்லியம்மாள் கல்லுக்கு முன்னால் குந்தினாள். முதல் அடி விழுந்ததும் மேளம் நின்றது.

"ஏய், கவருமெண்டு கல்லு அது! கேசு போட்டுடுவாங்க, எழுந்திரு!" என்று கொளஞ்சியப்பன் ஓடி வந்தான்.

"போடட்டும். அதுக்குப் பயந்து பயந்தே எங்கப்பன் செத்தாரு. நானும் பயந்துக்கினே சாவணுமா?"

அதுவரை வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே வெட்டினாள்.

பாடை தூக்க வந்தவர்களில் மூத்தவரான அம்மாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ வெட்டும்மா. நாங்க நிக்கிறோம்."

மேலேயிருந்து வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தான். கொளஞ்சியப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான், பாடையைப் பார்த்தான். பிறகு பஸ்ஸிடம் போனான்.

"கொஞ்சம் இருப்பா. ஒரு பேரு எழுதிக்கினு கீறாங்க."

ஹாரன் நின்றது. 'ரா' நேராக வந்தது. 'சு' உளி வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. இருக்கட்டும், படிக்க முடிகிறது. செல்லியம்மாள் வாயால் ஊதித் தூசியைத் தள்ளினாள்.

பெரியம்மாள் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதான் ராசுவா?"

"ஆமாம்மா."

பெரியம்மாள் அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவரு எது?"

செல்லியம்மாள் அம்மாவின் விரலைப் பிடித்து ஒரு வரி மேலே வைத்தாள். விரல் பள்ளம் பள்ளமாக நகர்ந்து கடைசி எழுத்தில் நின்றது.

"பச்சமுத்து" என்றாள் பெரியம்மாள். பாடைப் பக்கம் திரும்பினாள். "பச்சமுத்து, பாத்துப் போங்க."

அம்மாசி கை காட்டவும் பாடையைத் தூக்கினார்கள். பஸ் ஓரமாக ஒதுங்கிக் கடந்து போனது. பெண்கள் திரும்பி நடந்தார்கள்.

பெரியம்மாளின் விரலில் கல் மாவு ஒட்டியிருந்தது. வீடு வரைக்கும் அந்தக் கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடியே வந்தாள்.