காலி சீட்டோட எடை

...கைப்பை ஏழு கிலோ, லக்கேஜ் இருவது, மொத்தம் இருவத்தேழு, அதுல அத்தாவோட துணி ஒரு மூணு கிலோ போனா மீதி... ஏய் ஷமா, இப்ப இந்தக் கணக்கா முக்கியம், இன்டர்வியூக்கு இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்குது, போன் ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது, உள்ள விட்டாங்கன்னா சிரிக்கணும், பல்லு தெரிய வேணாம், லைட்டா. உப்பு எடை போடுற கொட்டாய்ல ஒரு பிளாஸ்டிக் சேர், எதுக்க ஒரு ட்ரம்மு, ட்ரம்மு மேல கல்லு வச்சு போன நிக்க வச்சாச்சு. வீட்ல உக்காந்தா அம்மா மிக்ஸி போடும், நெட்டும் வராது, இங்கதான் ரோட்டுக்கு அந்தாண்ட டவரு, நாலு புள்ளியும் ஃபுல்லா காட்டுது. காலையிலயே உப்பு வாரி முடிச்சுட்டு ஆளுங்க எல்லாம் போயிட்டாங்க, பாத்தி பாத்தியா தண்ணி கண்ணு கூசுது, வெளிய ரோட்டோரம் ஃபாரிஸ் தன் ஷேர் ஆட்டோவ நிறுத்திட்டு காலு நீட்டிப் படுத்திருக்கான், பெரியம்மா பையன், கொண்டாந்து விட்டதுக்கே ஒரு பிரியாணி கேக்கறான். "வேல கெடச்சா பிரியாணி, கெடைக்கலன்னா டீயாச்சும் வாங்கிக் குடு, நஷ்டத்துல விடாத"ன்னான். கெடைக்கலன்னா... ச்சீ, கெடைக்கும், ஏன் கெடைக்காது? ரெண்டு ரவுண்டு தாண்டியாச்சு, திண்டிவனத்துல பி.பி.ஏ. படிச்ச புள்ள ஒரு ஏர்லைன் கம்பெனி கடைசி ரவுண்டுல உக்காந்திருக்கு, அதுவும் சின்ன டிக்கெட்ல பெரிய கூட்டத்த ஏத்துற ஏர்லைன். ரூட் பிளானிங் டீம். அந்த வேலைக்குப் போயிட்டா வீட்டு ஆளுங்களுக்கு ஸ்டாஃப் டிக்கெட்டாம், அத்தா நாலு வருஷமா ஊருக்கே வராம ஷார்ஜாவுல மளிகைக் கடையிலயே கெடக்குறாங்க, பெத்த பொண்ணு, அக்கா நிக்காஹ்வையே போன்லதான் பாத்தாங்க, ஊறுகா பாட்டில்ல சாய்ச்சு வச்ச போன்ல... இந்த டிக்கெட் மட்டும் கெடச்சிட்டா வராம எங்க போவாங்க, நானே இழுத்துட்டு வந்துடுவேன்ல.

வட்டம் நின்னுச்சு. ரெண்டு முகம். விஜயலட்சுமி மேடம், ஷார்ப்பா கண்ணாடி போட்டிருந்தாங்க, பக்கத்துக் கட்டத்துல தேவநாதன் சார், காபி குடிச்சுக்கிட்டே. "என்னம்மா பின்னாடி வெள்ளையா குவிஞ்சிருக்கு, காஷ்மீரா?" "உப்பு சார், மரக்காணம் சார்." சிரிச்சாங்க, நல்ல சகுனம்தான், இல்ல சும்மா சிரிச்சாங்களா? சார் ஒரு சார்ட்ட எடுத்துக் காட்டுனாரு, ஷார்ஜா சென்னை ஃப்ளைட்டு, நூத்தியெம்பது சீட்டு, திங்கள் செவ்வாய் மட்டும் முப்பது சீட்டு காலி. "வெலய கொறச்சுப் பாத்தோம், திரும்பவும் கொறச்சுப் பாத்தோம், அந்த முப்பது நெரம்பல. யாரு நம்ம ஆள தூக்கிட்டுப் போறாங்க? சொல்லும்மா." வந்துச்சு பாரு, இதுதான், இதத்தான் ஷமா ராப்பகலா படிச்சா, கடகடன்னு எடுத்து விட்டா, அஞ்சு பக்கத்துலேருந்து அழுத்தம் சார், ஒண்ணு ஏற்கெனவே பறக்குற மத்த ஏர்லைன், ரெண்டு புதுசா வரப்போற ஏர்லைன், மூணு நம்மகிட்ட ஃப்ளைட்டு விக்கிறவன், எண்ணெய் விக்கிறவன், நாலாவது, மூணு ஆப்ப தொறந்து வச்சு வெல பாக்குற பேசஞ்சர், அஞ்சு நமக்குப் பதிலா வர்ற வேற வழி... பேசப் பேச தன் கொரலே தனக்குத் தூரமா கேட்டுச்சு, காலேஜ் செமினார்ல யாரோ பேசுற மாதிரி, மேடம் கண்ணாடிய கழட்டி வச்சுட்டாங்க. "புக்ல இருக்குறத நானும் படிச்சிருக்கேன்மா. நீ பாத்தத சொல்லு."

நான் பாத்ததா... நான் என்னத்த பாத்தேன், நான் ஃப்ளைட்லயே ஏறுனதில்லையே மேடம், சொல்லிடலாமா, வேணாம், அஞ்சு செகண்டு ஆயிடுச்சு, பத்து... போச்சா, ஸ்டாஃப் டிக்கெட்டு போச்சா? அப்பத்தான் வெளிய பாம் பாம்னு ஹாரன். ஃபாரிஸ்! யாரோ ஒரு மீன் கூடைக்கார அக்காகிட்ட கத்திக்கிட்டு இருக்கான், "காலி சீட்டு இருக்குதுக்கா, கூடைய தூக்கி வை, ஆள் ஏறலன்னா கூடையாச்சும் ஏறட்டும்!" பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ ஆனதுலேருந்து அவன் பொழப்பே அதுதான், மொதல்ல ரேட்ட கொறச்சான், எவ ஏறுவா, சும்மா போற பஸ்ஸ வுட்டுட்டு? அப்புறம்தான் கண்டுபுடிச்சான், பஸ்ல கூடைய ஏத்த முணுமுணுக்கறாங்க, அதனால கூடைக்காரங்க எல்லாம் இவன் ஆட்டோ. விஷயம் ரேட்டு இல்ல, கூடை. கூடை... அட, அல்லாஹ்! ஷமா சேர்ல நிமிந்து உக்காந்தா. பதினொண்ணாவது படிக்கும்போதுலேருந்து ஊருக்கே போன்ல டிக்கெட் போட்டுக் குடுத்தவ இவதானே, பஹ்ரைன்ல மீன்புடி போட்டுல வேல பாக்குற எக்கியார்குப்பம் தேசப்பன் அண்ணன் ஒருவாட்டி இவ காட்டுன சீப் டிக்கெட்ட பாத்துட்டு என்னா சொன்னாரு? "ஏம்மா, என் கருவாடே பத்து கிலோ, இவன் குடுக்குற கிலோவுல கருவாடு போவுமா நான் போவட்டுமா? அந்தப் பெரிய ஃப்ளைட்டயே போடு."

"மேடம், வெலய கொறைக்காதீங்க, கிலோவ கூட்டுங்க." வாயிலேருந்து வந்துடுச்சு, இனிமே நிறுத்த முடியாது. எங்க ஊர்ல யாரும் சீட்டு வாங்கறதில்ல மேடம், கிலோதான் வாங்கறாங்க, நாலு வருஷம் கழிச்சு வர்றவன் வெறுங்கைய வீசிக்கிட்டா வருவான், பால்பவுடரு, பேரீச்சம்பழம், போர்வை, மச்சானுக்கு சென்ட்டு, பாதிப் பேருக்கு டிக்கெட்டு முதலாளி போடுறாரு, கிலோ மட்டும்தான் அவங்க சொந்தம், அதனால கிலோ கூட குடுக்குற பெரிய ஏர்லைனுக்குப் போறாங்க, இல்லன்னா கார்கோக்காரன்கிட்ட அட்டப்பெட்டிய வீட்டுக்கே அனுப்பிட்டு, ஆள் வர்றத அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுறாங்க... நம்ம ஆள தூக்குறது அந்த அட்டப்பெட்டி மேடம். தேவநாதன் சார் காபிய கீழ வச்சாரு. "எடை கூட்டினா எண்ணெய் யாரு குடுக்குறது, உங்க ஊர் உப்பளமா?" "காலி சீட்டு குடுக்கும் சார்." எப்படி வந்துச்சு இந்த வார்த்த? "ஒரு ஆளு எழுவது கிலோ, அவன் லக்கேஜ் இருவத்தேழு, நூறுக்கு மூணு கம்மி. அப்படி முப்பது பேரு வரல. கிட்டத்தட்ட மூணு டன் சும்மா கெடக்குது. அதுல பாதிய எடுத்து, வந்த நூத்தம்பது பேருக்கும் ஆளுக்கு பத்து கிலோ சேத்துக் குடுங்க. ஃபுல்லா பறந்தா என்ன எடையோ அதுக்கு கம்மியாத்தான் இருக்கும். கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மெசேஜ் தட்டுங்க. ரெண்டே மாசம், திங்கக்கெழம ஃப்ளைட்டுன்னா கிலோ கூட வரும்னு அங்க நம்ம ஆளுங்க தங்குற கேம்ப் கேம்ப்பா பரவிடும், அந்த முப்பது சீட்டும் ரொம்பிடும் சார்." "ரொம்பிட்டா அப்புறம் பத்து கிலோ எங்கேருந்து குடுப்ப?" "ரொம்பிட்டா எதுக்கு சார் குடுக்கணும்?"

மேடம் சிரிச்சாங்க பாரு, வாய்விட்டு, ஆபீஸ் சிரிப்பே இல்ல, சாரும் தலைய ஆட்டுறாரு, "எங்க புடிச்ச இத?"ன்னாரு, ஷமா ரோட்டப் பாத்து கைய காட்டுனா, "அதோ அந்த ஆட்டோல சார்." மெயிலு சாயங்காலம் வரும், ஆனா நானே சொல்லிடறேன், ஒண்ணாந்தேதி சென்னைக்கு வந்துடும்மான்னாங்க மேடம். வேற ஏதாச்சும் கேக்கணுமா? கேட்டா, வெக்கமே படாம, அத்தாவுக்கு ஸ்டாஃப் டிக்கெட்டு எப்போலேருந்து மேடம்னு. சேந்து மூணு மாசத்துல. மூணு மாசம்! கட்டம் ரெண்டும் அணைஞ்சதும் சேரு ஒரு பக்கம் இவ ஒரு பக்கம், ஓடிப் போயி ஆட்டோவ தட்டுனா, "டேய், பிரியாணி டா, ரெண்டா தின்னு!" "மாஷா அல்லாஹ்! அப்ப என் கூடை ஐடியாவுக்கு கமிஷனு?" "போடா, உன் ஹாரனுக்கு வேணா முட்ட சேத்து வாங்கித் தர்றேன்." மீன் கூடைக்கார அக்காவும் எதுக்குன்னே தெரியாம சிரிக்குது, காத்துல துப்பட்டா கொடி மாதிரி பறக்குது, வரப்பு மேல நடக்கறாளா மெதக்கறாளான்னே தெரியல, அந்தப் பக்கம் குவிச்சு வச்ச உப்பு, இந்தப் பக்கம் குவிச்சு வச்ச உப்பு, அத்தனையும் தனக்காகவே வெளுத்து வச்ச மாதிரி... ஜெயிச்சிட்ட ஷமா, வாயால ஜெயிச்சிட்ட.

அத்தாவுக்கு மதிய ஷிஃப்ட்டு, இப்ப ரூம்லதான் இருப்பாங்க, போட்டா வீடியோ கால். மொத ரிங்லயே எடுத்துட்டாங்க, ஹபீப் முஹம்மது, பனியன், நரச்ச தாடி, பின்னாடி இரும்புக் கட்டில் கம்பில மாட்டுன குட்டி ஃபேன். சொன்னா, எல்லாத்தையும் ஒரே மூச்சுல, கிலோ, கூடை, மேடம் சிரிச்சது, அத்தா மூணுவாட்டி அல்ஹம்துலில்லாஹ் சொன்னாங்க, கண்ண தொடச்சாங்க. "இன்னொண்ணு அத்தா, மூணு மாசத்துல உங்களுக்கு டிக்கெட்டு, வெயிட்டு பத்தி கவலப்படாதீங்க." அத்தா சிரிச்சாங்க. "எதுக்கும்மா, லீவு போட்டா சம்பளம் போவும். அதான் தினம் பாக்குறமே, இந்தா இப்ப கூட பாக்குறமே." அதான் தினம் பாக்குறமே... ஷமா நடந்துக்கிட்டே இருந்தவ நின்னுட்டா. அட்டப்பெட்டின்னு சொன்னேனே, அஞ்சு பக்கம்னு எண்ணுனேனே, இந்த போன எண்ணலையே. யாரு இந்த வீடியோ கால் ஆப்ப அவங்களுக்கு போட்டுக் குடுத்தது? நான்தான், ஒம்பதாவது படிக்கறப்ப, பாஸ்வேர்டு கூட என் பேருதான். நிக்காஹ் அன்னிக்கு ஊறுகா பாட்டில்ல சாய்ச்சு வச்சதும் நான்தானே, கோணம் சரியா வருதான்னு வேற பாத்து...

"அத்தா, நான் இனிமே தினம் கால் பண்ணலன்னா வருவீங்களா?"

வெளையாட்டாத்தான் கேட்டா, அப்படின்னுதான் அவளும் நெனச்சுக்கிட்டா. அத்தாவுக்கு பாதி சிரிப்புல மூஞ்சி அப்படியே நின்னு போச்சு, கண்ணு கூட சிமிட்டல. நெட்டு போச்சா? "ஹலோ, அத்தா, ஹலோ, ஸ்டக் ஆயிடுச்சா?" புள்ளிய பாத்தா, நாலும் ஃபுல்லா காட்டுது. டவருக்கு நேரா போன தூக்கிப் புடிச்சு மறுபடியும் பாத்தா. அத்தா அசையவே இல்ல. ஆனா நெட்டு போகல, பின்னாடி கட்டில் கம்பில அந்தக் குட்டி ஃபேன் மட்டும் நிக்காம சுத்திக்கிட்டு இருந்துச்சு.