விஷ்ன்யாவுக்கு ஒரு கரண்டி

தண்ணீர் குடிக்க ஒரு பயிற்சியா என்று சிரிப்பவர்களை எங்கள் வார்டுக்கு ஒரு நாள் இழுத்து வர வேண்டும். விஷ்ன்யாவுக்கு ஏழு வயது. தொண்டைக் கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீராக ஓடுவதெல்லாம் அவளுக்கு மூச்சுக்குழாயில் இறங்குகிறது. கெட்டியாக, வழவழப்பாக இருந்தால்தான் வயிற்றுக்குப் போகிறது. அவளை விழுங்கப் பழக்குவது என் வேலை. இப்போதைக்கு மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு; இன்றும் விழுங்காவிட்டால் நாளை வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள்.

அவள் அப்பா ரத்தோமிர், நிஷ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர், இன்றைக்கும் தெளிந்த சூப்போடு வந்து நின்றார்.

"அண்ணே, மறுபடியும் சூப்பா? கெட்டித் தயிர்னு எத்தனை தடவை சொல்றது?"

"நோன்புக் காலம்மா. பால் கூடாது."

"நோயாளிப் பிள்ளைக்கு நோன்பே கிடையாதுன்னு பாதிரியார் சொல்லலையா?"

"அவர் சொன்னார். எங்க அக்கா சொல்லலையே."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வீட்டிலும் இதே கதைதான்: என் பேச்சுக்குத் தலையாட்டுவார்கள், அத்தை சொன்னதைச் செய்வார்கள். கோபத்தில் சூப்பை நானே குடித்துத் தீர்த்தேன். நன்றாக வேறு இருந்தது.

இன்று அவர்கள் குடும்பப் புனிதரான நிக்கோலாவின் நாள். வருகிற விருந்தாளி எல்லாரும் முதலில் ஒரு கரண்டி ஷித்தோ, அதாவது வேகவைத்த கோதுமை இனிப்பு, சாப்பிட வேண்டும். மகள் இங்கே கிடப்பதால் ரத்தோமிர் விருந்தையே வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நர்சுகள் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தார்கள். பெரிய டாக்டரும் எடுத்தார்.

"எனக்கு?" என்றாள் விஷ்ன்யா.

ரத்தோமிர் கிண்ணத்தை மூடினார். "கோதுமைடா தங்கம். தொண்டையில சிக்கிக்கும்."

சூப்புக்குப் பயப்படாத மனுஷன்! கிண்ணத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். சர்க்கரை சேர்த்து மாவாக அரைத்த கோதுமை. ஒரு மணி கூட முழுசாக இல்லை.

"ஏண்ணே இவ்வளவு நைசா அரைச்சீங்க?"

"அக்காவுக்குப் பல்லு இல்லம்மா."

"வாழ்க உங்க அக்கா! மேல வால்நட் தூவியாச்சா?"

"இன்னும் தூவல."

பக்கத்துப் படுக்கையில் பிளம் கூழ் வாங்கி, ஷித்தோவில் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாதபடி குழைத்தேன்.

"நாடியைத் தாழ்த்து. மூச்சைப் பிடி. ம், முழுங்கு. இப்போ செருமு. 'ஆ' சொல்லு."

"ஆஆ!"

குரலில் கரகரப்பே இல்லை; மூச்சுக்குழாய்க்கு எதுவும் போகவில்லை. இருமலும் இல்லை. இன்னும் நாலு வாய் கொடுத்தேன், நுனிக் கரண்டியாக. எல்லாம் இறங்கியது.

பெரிய டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "துளை வேணாம். நாளைக்கு எக்ஸ்ரேல பார்த்துட்டு மேலே யோசிப்போம்."

ரத்தோமிர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா, இன்னும் வேணும்."

"விருந்தாளிக்கு ஒரு கரண்டிதான் வழக்கம். நீ அதையும் தாண்டிட்ட."

விஷ்ன்யா யோசித்தாள். கட்டிலை விட்டு இறங்கி, மூக்குக் குழாயோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். டொக் டொக்கென்று தட்டினாள்.

"யாரு?" என்றார் ரத்தோமிர்.

"விருந்தாளி!"