வாய் இருந்த கட்டம்

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் வாய் மறைந்தபோது அறையில் இருந்தவர்கள் மூவர். சன்னலோர ஸ்டூலில் ஓவியம் பழகிக்கொண்டிருந்த தையற்காரி. எதிரே மர நாற்காலியில் அவளுடைய தங்கையான அறிவிப்பாளர். கட்டிலில் செய்தித்தாளோடு தையற்காரியின் கணவர்.

ஓவிய வாத்தியாரின் பாடமுறை இது: நவீன ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தில் கட்டம் போட்டு, வாரம் ஒரு கட்டமாகப் பெரிதாக்கி வரைய வேண்டும்; படத்தில் உயிர் வர, ஒருவரை எதிரில் அதேபோல் உட்கார வைக்க வேண்டும். தையற்காரிக்குக் கிடைத்தது நாற்காலியில் அமர்ந்த பெண். தோள் கட்டம் முடிந்ததும் தங்கையின் தோள்கள் பெட்டி மூலைபோலச் சதுரமாயின. அக்கா அவள் சட்டைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். கண்கள் இரண்டும் இடப்பக்கம் ஒதுங்கின. தங்கை கழுத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். பிறகு வாய்க் கட்டம் வந்தது.

"அசையாதடி."

"சீக்கிரம் முடி அக்கா, சாயங்கால வண்டிய நான்தான் அறிவிக்கணும்."

அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அச்சுப்படத்தில் அந்த இடத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று இருந்தது. அக்கா அதை அப்படியே தீட்டினாள். தங்கையின் முகம் கழுவிய தட்டுபோல வழவழப்பானது.

மறுநாள் வீட்டுக்கு வந்த வாத்தியார் அச்சுப்படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "ஐயையோ, இது மடிப்பும்மா! மடிச்ச இடத்துல மை உதிர்ந்திருக்கு. மூல ஓவியத்துல அந்தப் பொண்ணுக்கு வாய் இருக்கு."

தங்கை பாய்ந்து வந்து, சின்னத் தூரிகையைச் சிவப்பில் தோய்த்து அக்கா கையில் திணித்தாள்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார் வாத்தியார். "இந்த வெள்ளைதான் படத்தையே தூக்குது. கண்காட்சிக்கே அனுப்பலாம்."

"வீடும் எவ்வளவு நிம்மதியா இருக்கு!" என்றார் கணவர், தாளை இறக்காமலே.

அக்கா தூரிகையைக் கழுவி வைத்தாள். ஒருநாள் தங்கை படத்தில் தானே ஒரு வாயை வரைந்து பார்த்தாள். கை பழகாதவள் வரைந்தது; முகத்தில் நிற்கவில்லை. ஈரம் காயுமுன் அக்கா துடைத்துவிட்டாள்.

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பதிலாக மணி ஒன்றை மாட்டினார்கள். சோற்றின் வாசனையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது; சற்றுச் சதைகூடப் போட்டாள். சில வருடங்களில் படம் பரிசு பெற்றது. ஒரு கோடும் இனி மாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கலைக்கூடம் அதை நிரந்தரமாகக் கேட்டது. அக்கா சம்மதக் கடிதம் எழுதி உறையிலிட்டு, வேலையில் மும்முரமாக, "இதை நக்கி ஒட்டுடி" என்று நீட்டினாள். தங்கை உறையைப் பிடித்தபடி நின்றாள்.

"அட, மறந்தே போச்சு!" அக்கா சிரித்துக்கொண்டே வாங்கித் தானே நக்கி ஒட்டினாள். தங்கை அதைக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.