தகவல் தந்த மலைமக்கள்

ஃபேக்டரி பேட்டர்ன் என்கிற புரோகிராம் எழுதும் முறையை ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

என் பெயர் கோகிலவாணி. கொல்லிமலைமேல் செம்மேட்டில் பஸ் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். போன வருஷம் மாசியில் அம்மா மிளகு பறிக்க ஏணியில் ஏறி, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அப்பா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. வேலையை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். இனி எனக்கு ஒரு வேலை என்றால் அது வீட்டில் இருந்தபடி செய்கிற வேலையாகத்தான் இருக்க முடியும். அம்மா இன்னமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

அப்படி ஒரு வேலை சேலத்தில் இருந்தது. சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, ஒரே ஒரு இடம். நிஜமான ஒரு பிரச்சினைக்கு நீங்களாக ஒரு புரோகிராம் எழுதி அனுப்புங்கள், பிடித்திருந்தால் பேசுவோம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். மே முப்பது கடைசித் தேதி. வேலை கிடைத்தால் எங்கள் ஊர்வரைக்கும் வயர் இழுத்து நெட் கொடுப்பதாகக் கேபிள்காரர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான் என் கதை.

ஸ்டெல்லா துறையூர்ப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா இமானுவேல் சாருக்குச் செம்மேட்டில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. அவர்கள் குவார்ட்டர்ஸில் நெட் உண்டு. அவள் கணக்கு படித்தவள், வங்கித் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். மலைக்கு மேலே என் வயதில், கல்யாணம் ஆகாமல், புத்தகத்தைப் பற்றிப் பேச இன்னொரு பெண் இருந்தது எனக்குப் பெரிய விஷயம். வாரத்தில் இரண்டு நாள் அவள் வீட்டுக்குப் போவேன்.

எங்கள் வீட்டில் டவர் கிடையாது. வீட்டில் எழுதுவதைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய், புரோகிராம்களைத் தேதி வாரியாகச் சேர்த்துவைக்கிற இணையதளத்தில் அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்துதான் ஏற்ற வேண்டும். என் பெயரில் கணக்குத் திறந்து ஏற்றலாம் என்றால், ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஓ.டி.பி. வரும் என்கிறது. என் சிம்முக்குக் குவார்ட்டர்ஸில் டவர் எடுக்காது. நெட் ஓடும் இடத்தில் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வரும் இடத்தில் நெட் இல்லை. இந்தக் கூத்தைக் கீழே இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

"என் பேர்லயே ஏத்திடு கோகிலா. அனுப்புற அன்னைக்கு உன் பேருக்கு மாத்திக்கலாம்," என்றாள் ஸ்டெல்லா.

சரி என்றேன். ஆறு மாதம், ஒவ்வொரு வரியும், அவள் பெயரில் ஏறியது.

நான் எடுத்துக்கொண்ட பிரச்சினை எங்கள் விவசாயிகள் குழுவின் கிடங்கு. சனிக்கிழமைகளில் அங்கே நான் நோட்டு எழுதப் போவேன். மிளகு வரும், மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வரும், பலா வரும், சாமை வரும். ஒவ்வொன்றையும் வாங்குகிற விதம் வேறு. மிளகைக் கையில் தேய்த்து ஈரம் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள். கிழங்குக்கு மண்ணைக் கழிக்க வேண்டும், மழை நாளில் இன்னும் கூடுதலாகக் கழிக்க வேண்டும். பலாவை எடையே போட மாட்டார்கள், தட்டிப் பார்த்து எண்ணித்தான் எடுப்பார்கள். விதைச் சாமைக்கு வள்ளம் என்கிற அளவுப்படிதான் கணக்கு, தராசு பக்கம் போகாது.

என் முதல் புரோகிராமில் இதெல்லாம் "மிளகாக இருந்தால் இப்படி, இல்லை கிழங்காக இருந்தால் அப்படி" என்று நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் என்றால் பரவாயில்லை. அளக்கும் இடத்தில், ரசீது போடும் இடத்தில், இருப்பு காட்டும் இடத்தில் என்று பதினோரு இடத்தில். அன்னாசி என்று புதிதாக ஒன்று வந்தால் பதினோரு இடத்திலும் கை வைக்க வேண்டும், ஒன்றை மறந்தால் போச்சு. யூடியூபில் எல்லோரும் ஃபேக்டரி பேட்டர்ன், ஃபேக்டரி பேட்டர்ன் என்றார்கள். கார் கம்பெனியை வைத்தே விளக்கினார்கள், பீட்சாவை வைத்து விளக்கினார்கள். எனக்கு மண்டையில் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை கிடங்கு வாசலில் ஜீப்பிலிருந்து மூட்டைகள் இறங்கின. சின்னக்கண்ணு மாமாதான் வாசலில் இருப்பார். மூட்டையைக் கொண்டுவந்தவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவர் சாக்கைத் தொட்டுப் பார்த்து, "இது வள்ளத்துக்குப் போகட்டும் சாமி," "இத அந்தப் பக்கம் எறக்குங்க," என்பார். உள்ளே இருப்பவர்கள் வந்ததை அளப்பார்கள். எதை எப்படி அளப்பது என்ற யோசனையே அவர்களுக்கு இல்லை. முடிவு எடுக்கிற இடம் அந்த வாசல் ஒன்றுதான். அன்னாசி வந்தால் மாமாவுக்கு மட்டும் சொன்னால் போதும்.

நோட்டை மூடிவிட்டு அங்கேயே நின்றேன். பதினோரு இடத்தில் கேட்கிற கேள்வியை வாசலில் ஒரே ஒரு தடவை கேட்டு, அதற்கேற்ற பொருளை அங்கேயே உண்டாக்கிக் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் புரோகிராம் "அள" என்று மட்டும் சொன்னால் போதும். மிளகு மிளகாக அளந்துகொள்ளும், பலா தன்னை எண்ணிக்கொள்ளும். இதைத்தான் அத்தனை பேரும் காரையும் பீட்சாவையும் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிட மறந்துபோய் எழுதினேன். அம்மா திட்டினாள்.

ஸ்டெல்லாவுக்கு இது மூன்று வாரம் ஏறவில்லை. "மிளகுன்னா மிளகுக்கு எழுதுன கிளாஸையே நேரா கூப்பிட்டா என்ன, எதுக்கு நடுவுல ஒரு ஆள்?" என்று அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரும், ஆனால் விடவும் மனசு வராது. கடைசியில் கிடங்குக்கே கூட்டிப்போய்ச் சாமை மூட்டைமேல் உட்காரவைத்தேன். ஒரு காலை முழுக்கப் பார்த்தாள். ஒரு பலாவை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். "இது பழுக்க நாலு நாளாகும், சரியா?" என்று சின்னக்கண்ணு மாமாவிடம் கேட்டாள். சரிதான் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓ, இவர்தான் ஃபேக்டரி," என்றாள்.

எனக்குப் புரிந்த நாளைவிட அவளுக்குப் புரிந்த நாளில்தான் எனக்குச் சந்தோஷம் அதிகம்.

மே இருபத்துநாலாம் தேதி அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நல்லவேளையாக நான் செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். காற்றில் மரம் விழுந்து வயர் அறுந்துவிட்டது, நெட் வர பத்து நாளாகும், வீணாக அலையாதே என்றாள். பெயர் மாற்றுவது என்ன ஆகும் என்று கேட்டேன். "நெட்டே இல்லாம எப்படி மாத்துறது? நீ கீழ போய் ஃபைலா அனுப்பிடு, அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். பாவம், அவளுக்கும் படிப்பு கெடுகிறதே என்று நினைத்தேன்.

முப்பதாம் தேதி எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து அனுப்பினேன். அடுத்த வியாழக்கிழமை வீடியோவில் பேசலாம் என்று பதில் வந்தது. மறுபடியும் காரவள்ளி, மறுபடியும் அதே கடை. கடைக்காரர் மெஷினை நிறுத்திவைத்து எனக்காக அரைமணி நேரம் ஒதுக்கினார்.

கம்பெனியிலிருந்து பேசியவர் பெயர் முரளி. குரலில் அலட்டல் இல்லாத மனுஷன்.

"ஒண்ணு நேரடியாவே கேட்டுடறேனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இதே புரோகிராம் நீங்க அனுப்பறதுக்கு ஆறு நாள் முன்னாடியே இன்னொருத்தர்கிட்ட இருந்து வந்துருச்சுங்க. அவங்கள எடுத்தும் ஆச்சு, அப்புறம் உங்களோடதப் பாத்துட்டுத்தான் கேட்டுடலாம்னு கூப்பிட்டேன்."

"யாருங்க?"

"பேர் சொல்லக் கூடாதுங்க. ஆனா உங்க மலையில இருந்துதான்."

எனக்குப் புரிய அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. "அது நான் எழுதுனதுங்க. ஆறு மாசமா நான்தான் எழுதுனேனுங்க," என்றேன்.

அவர் வேண்டியதைக் கேட்டார். ஏன் ஃபேக்டரி, மண் கழிப்பு எங்கே நடக்கிறது, புதுச் சரக்கு வந்தால் என்ன மாற்றுவீர்கள், எல்லாம். எல்லாவற்றுக்கும் சொன்னேன். பலாவுக்கு ஏன் எடை இல்லை என்றார். தட்டிப் பார்த்து எண்ணித்தான் எடுப்போம் என்றேன்.

"நல்லாச் சொல்றீங்க. ஆனா அவங்களும் வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் சொன்னாங்க. சாமை மூட்டைமேல உக்காந்து நானே தட்டிப் பாத்திருக்கேன்னு சொன்னாங்க."

அது பொய்யும் இல்லை. உட்காரவைத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவளுக்கு ஃபேக்டரியைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்றேன், முரளி நம்பவில்லை. அவளுக்குத் தெரியாத ஒரு கேள்வியை அவர் கேட்டுவிட மாட்டாரா என்று தேடினேன். அப்படி ஒரு கேள்வியே இல்லை. நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பேர் சொல்லக் கூடாது என்ற முரளி, வேறு வழியில்லாமல் தன் திரையைக் காட்டினார். ஆறு மாதத்து வேலை, தேதி வாரியாக, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஸ்டெல்லா, ஸ்டெல்லா, ஸ்டெல்லா. கீழே விளக்கக் குறிப்பின் கடைசியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. "இதற்குத் தகவல் தந்த கொல்லிமலை மக்களுக்கு நன்றி."

"ஒருவேளை நீங்க அவங்களுக்கு இந்தத் தகவலக் குடுத்தவங்களா?" என்று கேட்டார் முரளி. என்னைத் திருடி என்று சொல்லாமல் இருக்க நல்ல மனசோடு அவர் கண்டுபிடித்த வழி அது. ஜெராக்ஸ் கடைக்காரர் மெதுவாக ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

மேலே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் குவார்ட்டர்ஸ். கதவைத் திறந்தது அவளுடைய அம்மா ஜெசிந்தா.

"வா கோகிலா. ஸ்டெல்லா சொல்லிட்டாளா? சேலத்துல வேலை கிடைச்சிருச்சு. வீட்லயே இருந்து பாக்கலாமாம். எல்லாம் நீ பழக்கிவிட்டதுதான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தட்டில் லட்டு வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மேசையில் மோடத்தின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குப் போன் பண்ணிய அன்றைக்கே அவள் இதிலிருந்துதான் அனுப்பியிருக்கிறாள், வயர் எந்த நாளும் அறுந்திருக்கவில்லை.

ஸ்டெல்லா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"பேங்க் எக்ஸாம் மூணாவது தடவையும் ஃபெயில் கோகிலா. வீட்ல இன்னும் சொல்லல. அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துருச்சு, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். உனக்கு இங்க வீடு இருக்கு, காடு இருக்கு. எனக்கு என்ன இருக்கு சொல்லு? நீ கெட்டிக்காரி. உனக்கு வேற கிடைக்கும்."

"எங்கம்மாவ உட்டுட்டு நான் எங்க புள்ள போவேன்? அது உனக்குத் தெரியாதா?"

அழுதாள். தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

"நன்றி போட்டியே. அதுல எம் பேரு ஏன் இல்ல?"

"பேர் போட்டா யாருன்னு கேப்பாங்கல்ல," என்றாள்.

யோசித்துத்தான் செய்திருக்கிறாள். அவசரத்தில் செய்துவிட்டாள், பயத்தில் செய்துவிட்டாள் என்று பஸ்ஸில் வரும்போது நானே அவளுக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை. கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தேன். கம்பெனியில் முதல் வேலையாகக் காப்பிக்கொட்டையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் போல. அவள் அதை அளக்கும் இடத்தில் எழுதியிருந்தாள். காப்பியாக இருந்தால் இப்படி என்று ஒன்று, ரசீதில் இன்னொன்று. பழையபடி தொங்கவிட ஆரம்பித்திருந்தாள். இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தும் இப்படியா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அங்க இல்ல. வாசல்ல," என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஸ்டெல்லா அழுகையை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். உட்கார்ந்து, அந்த வரிகளை வெட்டி, நான் சொன்ன இடத்தில் ஒட்டினாள். ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. கண்ணீர் காயாத முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ இல்லாம நான் என்ன பண்ணப் போறேன்னே தெரியல," என்றாள். அதை நிஜமாகவே சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளை நினைத்து வந்த ஆத்திரத்தைவிட என்னை நினைத்து வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. அடுத்த வாரம் நான் செம்மேட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போன் பண்ணுவாள். சந்தேகம் ஒன்று கோகிலா, அஞ்சே நிமிஷம் என்பாள். எடுக்கக் கூடாது, எடுக்கவே கூடாது என்று இரண்டு கிலோமீட்டரும் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஊர் வந்துவிட்டது. எடுக்க மாட்டேன் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.