மூன்று கிலோவும் முப்பத்தாறு நிமிடமும்

...முப்பத்தாறு நிமிடம் என்றுதானே போட்டிருந்தது, இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இணையதளத்தில் காலையில் அவளே பார்த்தாள், நானூற்று எண்பத்தாறு கிலோமீட்டர், முப்பத்தாறு நிமிடம், ஒன்பதரைக்குக் கிளம்பிய விமானம் பத்து மணி சுமாருக்கு இறங்கியிருக்க வேண்டாமா, இப்போது மணி பதினொன்று இருபது... தேர்வறையில் முப்பது பிள்ளைகள் தலை கவிழ்ந்து எழுதிக்கொண்டிருக்க, கணக்கு டீச்சர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தாள். கைப்பேசி அலுவலக மேசையில், தேர்வு முடியும்வரை தரமாட்டார்கள். இறங்கியதும் கூப்பிடுவதாகக் கணவர் சொன்னாரே, சொன்னாரா, இல்லை சும்மா தலையைத்தான் ஆட்டினாரா? முப்பத்தாறு நிமிடத்தில் நானூற்று எண்பத்தாறு என்றால் மணிக்கு எண்ணூறு... அட, அது ஜெட்டின் வேகம், இவர் ஏறியதோ பன்னிரண்டு பேர் உட்காரும் விசிறி விமானம், முந்நூறு போனாலே பெரிய விஷயம். இருபது வருடமாக வேகம், தூரம், நேரம் என்று கரும்பலகையில் எழுதுகிற எனக்கு இது உறைக்கவில்லை பார். அப்படியே பார்த்தாலும் பதினொன்று ஏழுக்கு இறங்கியிருக்க வேண்டும்...

“மிஸ், எக்ஸ்ட்ரா ஷீட்.” கொடுத்தாள். “மிஸ், இது தாள் கட்டுற நூல்.”

அந்தக் குக்கர். பையை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி எழுதிக்கொள்ளும் விமான நிலையம் அது. “அரைக் கிலோ கூடினாலும் ஏத்த மாட்டேன் சார், நேத்து மாமியார் வீட்டு விருந்தா?” என்று எடை பார்ப்பவர் கேட்டபோது மூன்று நாளாகப் பேசாத இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், பிறகு சிரித்ததற்காக இருவருமே வேறு பக்கம் பார்த்தார்கள். பாலம் கட்டும் வேலை, இரண்டு வருட மாற்றல், ‘நீயும் வாயேன்’ என்றார், ‘என் வேலையை விட்டுட்டு நான் எங்கயும் வரலை’ என்றாள், அவ்வளவுதான். அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், எடை போட்டு முடித்த பையின் ஜிப்பைத் திறந்து, துணிப்பையில் கொண்டுவந்திருந்த அந்தக் குக்கரைத் திணித்தாளே, மூன்று கிலோ, கணக்கில் இல்லாத மூன்று கிலோ... மூன்று கிலோவுக்கு ஒரு விமானம் விழுந்துவிடுமா என்ன? அரைக் கிலோவுக்கே மறுத்தவர் சும்மாவா சொல்லியிருப்பார்? பட்டினி கிடக்கக் கூடாதே என்று வைத்தது, அதுவே...

அட்டெண்டர் அக்கா கதவருகே வந்து நின்றாள், கையில் அவளுடைய கைப்பேசி. “விடாம அடிக்குது டீச்சர். இங்கயே நின்னு பேசுங்க. ஹெச்.எம். மாடியில இருக்காங்க.”

“இறங்கிட்டேன்,” என்றார். “எதிர்க்காத்து. மாட்டுவண்டி மாதிரி வந்துச்சு.”

வாசல்படியில் சாய்ந்துகொண்டாள், கண் மட்டும் அறைக்குள். “வெயிட் பத்தி யாரும் எதுவும் சொல்லலையே?”

“எனக்கா, பைக்கா?” “இப்பதான் திறந்து பாத்தேன். ஏம்மா, ஒரு ஆளுக்கு எதுக்கு அஞ்சு லிட்டர் குக்கர்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அலமாரியில் முன்னால் இருந்தது சின்னக் குக்கர்தானே, ஒரு ஆளுக்கு அளவானது... அதைக் கையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் கைவிட்டு, இருவருக்கும் சமைக்கிற பெரியதை இழுத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.