மாற்குவின் கடைசி அதிகாரம்

கணவன் றொஜரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, சேமக்காலை வாசலில் வைத்து அகஸ்ரின் சொன்ன வார்த்தையை அமலினி மறக்கவில்லை.

"விசுவாசத்திலை எங்கையோ குறை இருந்திருக்கு, தங்கச்சி. இல்லாட்டி ஆண்டவர் கைவிட்டிருக்க மாட்டார்."

இத்தாலியில் பலெர்மோ நகரில் இருக்கும் மன்னார்ச் சனங்களில் சிலர் ஞாயிறு பூசை முடிந்ததும் கால்சாப் பகுதியில் அகஸ்ரின் வீட்டில் கூடுவார்கள். அகஸ்ரின் ஒரு உணவகத்தில் சமையல்காரர். குரல் நல்ல குரல். வேதத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. உவமை, உட்கருத்து என்று யாராவது வாய் திறந்தால், "ஆண்டவர் சொன்னதுக்கு நாங்கள் ஆர் கருத்துச் சொல்ல?" என்று அடக்கிவிடுவார்.

றொஜர் கபோ சந்தையில் ஒரு மீன் கடையில் நின்றவன். சிறு வயதிலேயே வந்த நீரிழிவு; இன்சுலின் போட்டுத்தான் நடமாடினான். ஒரு ஞாயிறு அகஸ்ரின் அவன் தலையில் கை வைத்து, நம்பிக்கையோடு செபித்தால் நோயாளி எழும்புவான் என்ற பகுதியை வாசித்தார்.

"இதை நம்புறீரோ?"

"ஓம் அண்ணை."

"நம்பினால் பிறகு ஊசி எதுக்கு?"

அன்றோடு றொஜர் ஊசியை விட்டான். அமலினி அழுதாள், சண்டை பிடித்தாள். "அகஸ்ரின் அண்ணை பொய் சொல்லுவாரோ?" என்று மட்டும் கேட்டான். சில நாட்களில் சத்தி எடுத்தான், மூச்சு வாங்கினான், கடையிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் திறக்கவில்லை.

இனி அமலினி அந்த வீட்டுப் படி ஏற மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஞாயிறே அவள் போனாள். அப்போதுதான் அங்கே மாற்கு நற்செய்தியைத் தொடங்கியிருந்தார்கள், வாரம் ஒரு அதிகாரம். அதன் முடிவில் என்ன வருகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

வாராவாரம் போனாள். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள், கோப்பை கழுவினாள். அகஸ்ரினின் மனைவி ஸ்ரெல்லா கண் கலங்கி, "உன்னை மாதிரி விசுவாசம் எங்களுக்கும் வேணும்" என்று கட்டிப்பிடித்தாள். அகஸ்ரின் வாசிக்கும்போது அமலினி அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஏறி இறங்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பொறுமை வந்திருந்தது.

கடைசி அதிகாரம் வாசிப்பதற்கு முதல் நாள், லிபெர்த்தா வீதியில் வேலை செய்யும் வீட்டில் குளியலறையைக் கழுவிவிட்டு, வீட்டுக்காரச் சின்னொராவின் வரெக்கீனாத் திராவகத்தில் கொஞ்சத்தை ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அகஸ்ரின் வாசித்தார். நம்புகிறவர்கள் பாம்பைக் கையால் பிடிப்பார்கள், நஞ்சு குடித்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற இடம் வந்ததும், டெனிஸ்டன் என்ற இளைஞன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணை, இதையும் அப்பிடியே எடுக்கிறதோ?"

"பின்னை? ஒண்டை எடுத்து ஒண்டை விட இதென்ன மீன் சந்தையே?"

அமலினி குசினியிலிருந்து ஒரு கிளாசைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். மணம் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

"என்னது இது?"

"வரெக்கீனா. கக்கூஸ் கழுவுறது. குடியுங்கோ."

ஸ்ரெல்லா, "ஐயோ மாதாவே!" என்று எழும்பினாள்.

"உமக்கென்ன விசரே?" என்றார் அகஸ்ரின்.

"நீங்கள்தானே இப்ப சொன்னியள், எழுதினபடி எண்டு."

அகஸ்ரினின் முகத்தில் வியர்வை பொடித்தது. "அது... அது ஒரு அடையாளமாச் சொன்னது. ஆபத்திலை ஆண்டவர் துணை நிப்பார் எண்டதுதான் கருத்து. அவரைச் சோதிக்கக் கூடாது."

"அந்தக் கருத்தை றொஜருக்கு ஏன் சொல்லேல்லை?"

அவள் கிளாசை அவருக்கு இன்னும் கிட்டத் தள்ளினாள்.

"குடியுங்கோ. இல்லாட்டி அவருக்குச் சொன்னது பிழை எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

எல்லோரும் தன்னையே பார்ப்பதை அகஸ்ரின் கண்டார். அவருடைய கை கிளாசை நோக்கிப் போனது. அமலினி அசையவில்லை. குடி, குடி என்று அவளுக்குள்ளே ஒரு குரல் கத்தியது. விரல் கிளாசில் பட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"பிழையாத்தான் சொன்னனான்."

"அவரின்ரை விசுவாசத்திலை குறை எண்டியள்."

"இல்லை. குறை என்னிலைதான்."

அவள் கிளாசைக் கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் ஊற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். டெனிஸ்டன் படியில் ஓடி வந்து பிடித்தான்.

"அக்கா, அவர் குடிச்சிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

"பாத்துக்கொண்டு நிண்டிருப்பன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கூடவில்லை. பங்குச் சுவாமி காதுக்கும் விசயம் போனது. அகஸ்ரின் கோயிலில் பின்வரிசை வாங்குகளுக்குப் போய்விட்டார். வாசகம் வாசிக்க யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. ஸ்ரெல்லா அமலினியைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கம் மாறினாள். இதெல்லாம் நடந்தால் நெஞ்சு ஆறும் என்று அமலினி நினைத்திருந்தாள். ஆறவில்லை. ஆனாலும் நடந்தது குறித்து ஒரு துளி வருத்தமும் அவளுக்கு இல்லை.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு அவள் பிந்திப் போனதால் பின்னால்தான் இடம் கிடைத்தது. ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவளுக்கு முன் வாங்கிலிருந்தவர் திரும்பினார். அகஸ்ரின். மெலிந்திருந்தார். கையை நீட்டினார்.

"சமாதானம், தங்கச்சி."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். றொஜரின் தலையில் வைத்த கை. தன் கைகளைக் கட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். பாடல் தொடங்கும்வரை அவர் கை நீட்டியபடியே இருந்தது.