ஒரே துளையில் இரண்டு குண்டூசி

தண்ணீர்மலை முருகன் சாட்சியாகச் சொல்கிறேன். இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நன்றாகவே சொல்லியிருப்பேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

பினாங்குப் பாலம் திறந்த புதிது. ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் ஒரு சிறிய கடல்வள ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் நூலகத்தில் எனக்கு வேலை. பாலம் வந்த பிறகும் நான் அக்கரையில் உள்ள பிறையிலிருந்து ஃபெரியில்தான் வருவேன். மேல்தளத்தில் உப்புக்காற்று வாங்கிக்கொண்டு, நெகிழிப் பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சுகிற சுகத்தை எந்தப் பாலம் தரும்?

அந்த நூலகத்தில்தான், என்னோடு வேலை பார்த்த ஞானாம்பிகை படிப்புக்காக விடுப்பு எடுத்து வரைபடம் போட்டாள். ஊர் வரைபடம் அல்ல, கெராங் வரைபடம். கோய்த்தியா நூடுல்ஸில் போடுகிறார்களே, அந்தச் சேற்றுச் சிப்பிதான் கெராங். அதை ஆராய்கிற உலகத்துப் பண்டிதர்களில் யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று காட்டுவது அவளுடைய முதுகலை ஆய்வு. முறை எளிது. எவரோ ஒருவர் தன் கட்டுரையில் இரண்டு பேரைச் சேர்த்து மேற்கோள் காட்டினால், அந்த இருவருக்கும் ஒரு புள்ளி. புள்ளி ஏற ஏற, ஆளுக்கொன்றாகக் குத்திய அவர்களுடைய குண்டூசிகள் நெருங்கும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட வேண்டாம். கணக்கைக் கணினி போட்டது. கிழக்குச் சுவர் முழுக்கத் தாள் ஒட்டி அவள் குண்டூசி குத்தினாள். ஏணியைப் பிடித்தது நான்.

வந்தது வினை. சுவரின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டு நின்றன இரண்டு குண்டூசிகள். ஒன்று டாக்டர் ஐயாத்துரை, இன்னொன்று டாக்டர் ஹபீப் முகம்மது. ஒரே ஆய்வுக்கூடம், எதிரெதிர் அறை. பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

ஐயாத்துரை யாழ்ப்பாணத்துச் சைவர். வாழ்நாள் முழுக்கக் கெராங்கை ஆராய்ந்தவர், ஒன்றைக்கூட நாக்கில் வைத்ததில்லை. அதை ஒரு கூட்டத்தில், எல்லார் முன்னாலும், ஹபீப் சொல்லிவிட்டார்: “வாயில வைக்காத மனுஷன் கெராங்கப் பத்தி எழுதறாரு, லா. நான் என்னத்த சொல்ல!” அன்றோடு முறிந்தது. பிறகு இவர் எழுதியதை அவர் மறுப்பார், அவர் எழுதியதை இவர் மறுப்பார். மற்றவர்கள் இருவரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டியதாயிற்று.

சிக்கல் என்னவென்றால், ஞானாம்பிகையின் ஆய்வுக்குத் தேர்வாளர்கள் அவர்கள் இருவரும்தான். ஒரே தாளில் இரண்டு கையெழுத்தும் விழுந்தால் பட்டம். இல்லையென்றால் எடுத்த விடுப்பு முடிந்து, பழையபடி புத்தகத்தில் முத்திரை குத்தும் மேசை.

ஐயாத்துரை வந்து பார்த்தார். “அம்மா, என்னைக் கொஞ்சம் தள்ளி வை. பிறகு சைன் பண்றேன்.”

மத்தியானம் ஹபீப் வந்தார். “அந்த ஆளுக்குப் பக்கத்துல நானா? நகர்த்துமா. அப்புறம்தான் கையெழுத்து.”

“நான் நகர்த்த முடியாது டாக்டர். மத்தவங்க எழுதறதுதான் நகர்த்தும்” என்றாள் இருவரிடமும்.

சரி, நாமே விலகிக்கொள்வோம் என்று ஐயாத்துரை கெராங்கை விட்டுக் கொசுவுக்குப் போனார். அதே மாதம் ஹபீப்பும், அவரிடமிருந்து தப்பிப்பதாக நினைத்து, கொசுவுக்கே போனார். அங்கும் மறுப்பு, அங்கும் மேற்கோள். குண்டூசிகள் இன்னும் நெருங்கின. அந்த இடத்தில் சுவர் லேசாக உள்வாங்கியது. பல்லிகள் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தாளை அனுப்பக் கடைசி நாள். வெளியே நல்ல மழை. இருவரும் ஆளுக்கொரு அளவுகோலோடு ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். சுவரில் இரண்டு இடமே இல்லை. ஒரே துளையில் இரண்டு குண்டூசி, தலையோடு தலை முட்டிக்கொண்டு.

“யாரு செஞ்ச வேலை இது?” என்றார் ஐயாத்துரை, சுவரைப் பார்த்து.

ஞானாம்பிகை ஒரு புதுக் கட்டுரையை நீட்டினாள். “இதுதான் டாக்டர். எங்கேயோ வெளிநாட்டுல ஒருத்தர் எழுதினது. பக்கத்துக்குப் பக்கம் நீங்க ரெண்டு பேருந்தான்.”

ஐயாத்துரை வாசித்தார். முகம் சிவந்தது. “வேகவைத்த கெராங்கின் இனிப்பை ஐயாத்துரை சுவைத்து உறுதி செய்துள்ளாராம்! காவடி எடுக்கிறவன்யா நான்! நான் கெராங் தின்னேனாம், லா!”

“குடுங்க இப்படி.” பத்து வருடத்துக்குப் பிறகு ஹபீப் அவரிடம் பேசிய முதல் சொல் அது. “சைவ உணவுக்காரரான ஹபீப் முகம்மது… யா அல்லா! நான் சைவமா? என் பொண்டாட்டி ஷரீஃபா படிச்சா சிரிச்சே செத்துருவா!”

“இனிப்பா இருக்குன்னு எழுதினது நீங்கதானே?”

“நானேதான். ஜூரு ஆத்து முகத்துல எடுத்தது. ஒரு மங்கு நிறைய.”

“இதை எழுதின ஆள் எங்கே இருக்கான் சுவர்ல?” என்றார் ஐயாத்துரை. ஞானாம்பிகை மூலையிலிருந்த ஒரு குண்டூசியைக் காட்டினாள்.

“இன்னும் தள்ளி வை. கதவுக்கு வெளியே வை.”

“முடியாது டாக்டர்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நம்ம எதிரியைக்கூட இந்தப் பொண்ணு நகர்த்த மாட்டேங்குது பாருங்க” என்றார் ஹபீப். “அப்ப கணக்கு சரிதான் அண்ணே.”

ஐயாத்துரை பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மூடாமல் அப்படியே ஹபீப்பிடம் நீட்டினார்.

மழை விடுவதற்குள் அந்த வெளிநாட்டுக்காரருக்கு மறுப்பு எழுத உட்கார்ந்துவிட்டார்கள். யார் பெயர் முதலில் என்று ஐயாத்துரை கேட்டார். “வாயில வைக்காத மனுஷன் பேரே முதல்ல வரட்டும்” என்றார் ஹபீப். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சேர்ந்துதான். மாலையானால் கடலோர எஸ்பிளனேடில் ஒரே பெஞ்சு. ஒருவருக்கு இறால் விழுது சேர்க்காத பழ ரோஜாக், இன்னொருவருக்குக் கெராங். சண்டை மட்டும் குறையவில்லை.

ஆனால் அந்தக் காலத்து மேற்கோள் அட்டவணையில் கட்டுரைக்கு முதல் பெயர் மட்டுமே ஏறும். அதனால் வருடம் போகப் போக ஹபீப்பின் புள்ளி தேய்ந்தது. ஒருநாள் ஞானாம்பிகை ஏணியில் ஏறி அவருடைய குண்டூசியைப் பிடுங்கினாள். சண்டை போட்ட காலத்தில் தலை முட்டிக்கொண்டு இருந்த இடத்தில், கூடிப்போன பிறகு ஒருவர்தான் மிச்சம். ஹபீப் அதைப் பார்த்துவிட்டு, “நான் உள்ள இருக்கேன் லா” என்று அந்தத் துளையைத் தொட்டுக் காட்டினார். ஐயாத்துரை காலமான பிறகும் தான் எழுதியதற்கெல்லாம் அண்ணன் பெயரையே முதலில் போட்டார்.

அந்த ஆய்வுக்கூடம் இப்போது ஹோட்டல். போன மாதம் அங்கே ஒரு கல்யாண விருந்துக்குப் போனேன். நூலகம் இருந்த அறையில்தான் சாப்பாடு. கிழக்குச் சுவரைத் தேடிப் பார்த்தேன். அந்த அறைக்குக் கிழக்கே சுவர் கிடையாது. கட்டிய நாளிலிருந்தே தரையிலிருந்து கூரை வரைக்கும் ஜன்னல்தான்.